ஐம்பதுக்கு மேலே மூன்று

அத்தியாயம் 14

போன வாரம் பெரியவளைப் பீரோ முன்னால் நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், அவள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். கையில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று. ஆட்டினால் சலசலக்கும் என்பதால், தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருக்கிறாள்.

டப்பாவில் இருப்பது பிஸ்கட் இல்லை, ஸ்பிரிங். பேனாவுக்குள் இருக்குமே, அதில் பாதி அளவு. மின்விசிறியின் சுவிட்சுக்குள் ஒன்று உட்கார வேண்டும். அது இல்லையென்றால் சுவிட்ச் இல்லை, சுவிட்ச் இல்லையென்றால் விசிறி இல்லை, விசிறி இல்லையென்றால் வாசலில் நிற்கிற லாரி நகராது. நேற்று மத்தியானம் மூன்று மணிக்குத் தொழிற்சாலையில் நடந்தது அதுதான். ஸ்டோர்ஸில் நாலாயிரத்து நூற்று முப்பத்தொரு ஸ்பிரிங் இருப்பதாகக் கம்ப்யூட்டர் அடித்துச் சொன்னது. இழுப்பறையைத் திறந்து பார்த்தால் தூசிதான் இருந்தது.

இருப்பு இருக்கிறது என்று நம்பி யாரும் புதிதாக வாங்கவில்லை. புதுச் சரக்கு நாளைக்குத்தான் வரும். எண்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

பழி யார் தலையில் விழும் என்று கேட்கவே வேண்டாம். ஸ்டோர்ஸ் சாவி பதினொரு வருஷமாக ஒரே ஆள் இடுப்பில்தான் தொங்குகிறது. அவர் பெரியவளின் கணவர். பதினான்கு மாதமாக அவளோடு ஒரு வார்த்தை பேசாத கணவர்.

"அக்கா, எட்டு மணி பஸ் போயிடும்! பீரோக்குள்ள குடித்தனம் நடத்துறியா?"

வாசலிலிருந்து குரல் கொடுத்தது சின்னவள். தங்கை. அதே தொழிற்சாலையில் இருப்புக் கணக்குப் பார்க்கிறவள். தரையில் மஞ்சள் கோடு போட்டதும், ஒவ்வொரு ரேக்குக்கும் வீட்டு நம்பர் மாதிரி நம்பர் ஒட்டியதும், கையில் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு பார்கோடைச் சுட்டுத்தள்ளுகிறதும் இவள்தான். நாளுக்கு அறுபது விசிறி செய்த கம்பெனி இருநூறு செய்ய ஆரம்பித்தால் எல்லாவற்றையும் ஒரு ஆள் மண்டைக்குள் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது என்பது அவள் கட்சி. அந்த ஒரு ஆள் தன் அக்காள் புருஷன் என்பதால் அதைக் கொஞ்சம் கூடுதல் சந்தோஷத்தோடு சொல்வாள்.

பெரியவள் டப்பாவைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடினாள்.

*

பஸ்ஸில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம் கிடைத்தது. சின்னவள் மடியில் ஒரு ஃபைல்.

"பத்து மணிக்கு லாரி சார் கூட்டம் போடறார். எல்லார் முன்னாடியும் மாமாவை நிக்க வெச்சுக் கேக்கப் போறார்."

லாரி சார் என்பது மேனேஜர். காலையில் வணக்கம் சொன்னால்கூட 'லாரி கிளம்பிடுச்சா' என்றுதான் பதில் சொல்வார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

"நீ என்ன எழுதியிருக்கே?" என்றாள் பெரியவள்.

"நாலாயிரத்து நூத்து முப்பத்தொண்ணு குறையுதுன்னு எழுதியிருக்கேன். கீழே 'காரணம்'னு ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பலை. எனக்கு மாமா மேல இருக்கிற கோபம் உனக்குத் தெரியும். ஆனா திருடன்னு எழுதக் கை வரலைக்கா."

"அவர் திருடமாட்டார்."

"தெரியும். ஆனா அதை அந்த மனுஷன் வாயைத் திறந்து சொல்லணுமே! நேத்து நான் போய்க் கேட்டேன். 'என் கணக்கு தப்பு'ன்னுட்டு உள்ள போயிட்டார். ஒரு தப்பும் பண்ணாத ஆளுக்கு ஏன்கா இவ்ளோ பெரிய வாய்ப்பூட்டு?"

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வாய்ப்பூட்டுக்கு அவள்தான் அதிக விலை கொடுத்தவள்.

நம் வாசகர்களுக்கு அது தெரிந்த கதைதான். புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரியில் சொல்லிவிடலாம். கூட்டுக் குடும்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓரகத்தியின் தோடு காணாமல் போனது. கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, எல்லோரும் பெரியவளை மட்டும் பார்த்தார்கள். அவள் தன் கணவரைப் பார்த்தாள். 'இவள் எடுக்கவில்லை' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று. அவர் தரையைப் பார்த்தார். அன்று சாயங்காலமே அவள் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு வாரம் கழித்துத் தோடு தலையணை உறைக்குள் கிடைத்ததாம். கிடைத்து என்ன பயன்? அவள் தேடியது தோட்டை அல்ல.

*

ஸ்டோர்ஸில் அவருக்குத் 'தராசு' என்று பெயர். ஒரு பிடி ஸ்பிரிங்கை உள்ளங்கையில் அள்ளி, இரண்டு தடவை குலுக்கி, 'அம்பத்து ரெண்டு' என்பார். எண்ணிப் பார்த்தால் ஐம்பத்து இரண்டுதான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரியவள் அதை நம்பவில்லை.

அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. சுவிட்ச் மேசையில் உட்கார்ந்து ஒரு நாளைக்குப் பத்து ஸ்பிரிங்கையாவது துள்ளவிட்டு, மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடிக்கொண்டிருப்பாள். மேசையில் நீல டப்பா இரண்டு இருக்கும். ஒன்று காலியானால் அட்டையோடு தள்ளுவண்டியில் ஏறி ஸ்டோர்ஸுக்குப் போகும். நிரம்பித் திரும்பி வரும்வரை மற்றதில் வேலை ஓடும். அட்டையில் 'ஐம்பது' என்று போட்டிருக்கும். அவள் தவழ்ந்ததைக் கண்ணாடி ஜன்னல் வழியாக யாரோ பார்த்த மறுநாள், டப்பாவில் ஐம்பத்து மூன்று வந்தது.

பிழை என்று நினைத்து மூன்றைத் திருப்பி அனுப்பினாள். மறுபடி ஐம்பத்து மூன்று. தள்ளுவண்டி ஓட்டுகிற மீசைக்காரரிடம், "உங்க தராசுக்கு முள்ளு வளைஞ்சு போச்சான்னு கேளுங்க" என்று சொல்லி அனுப்பினாள். பதில் வண்டியிலேயே வந்தது.

"விழுந்தா தேட வேணாமாம்மா. அதுக்குத்தான் மூணாம்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் நெருக்கத்தில் பார்க்காமலே கல்யாணப் பேச்சு பாதி முடிந்துவிட்டது என்று மீசைக்காரர் இன்றைக்கும் சொல்லித் திரிவார். கல்யாணத்துக்குப் பிறகும் மூன்று வந்தது. மிச்சமானதை அவள் மாதக் கடைசியில் ஒரு சீட்டோடு திருப்பி அனுப்புவாள், அவர் வரவு வைத்துக்கொள்வார். கணக்கு நேராகிவிடும்.

வீட்டைவிட்டு வந்த மறுநாள் காலையில் முதல் டப்பாவைத் தயங்கித் தயங்கித் திறந்தாள். இனி ஐம்பதுதான் என்று அவளே தன்னிடம் சொல்லிக்கொண்டாள். எண்ணினாள். நம்பிக்கை இல்லாமல் மறுபடி எண்ணினாள். ஐம்பத்து மூன்று.

அந்த மூன்றை வேலைக்கு எடுக்க அவளால் முடியவில்லை. திருப்பி அனுப்பவும் முடியவில்லை. திருப்பி அனுப்பினால் அடுத்த டப்பாவில் வராமல் போய்விடுமோ என்று பயம். கைக்குட்டை முனையில் முடிந்துகொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பிறகு தினமும் அதே முடிச்சு, அதே பிஸ்கட் டப்பா. இது திருட்டு என்று ஒரு நாள்கூட அவளுக்குத் தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை. இன்னும் வருகிறதா, இன்னும் வருகிறதா என்று மட்டும்தான் தோன்றியது. ஒரு வார்த்தை பேசாத மனிதரிடமிருந்து அவளுக்கு வந்துகொண்டிருந்தது அது ஒன்றுதான். அதற்காகவே பல நாள் அவள் வேலைக்கு வந்திருக்கிறாள்.

நேற்று சாயங்காலம் சின்னவள் அந்த நாலாயிரத்துச் சொச்சத்தைச் சொன்னபோதுதான் பீரோவிலிருந்த டப்பாவின் கணக்கு அவளுக்கு உறைத்தது.

*

வாசலில் காவலாளி அவள் பையைத் தொடவில்லை. வெளியே போகும்போதுதான் சோதனை. அதிலும் பெண்களின் கைக்குட்டையை அவிழ்த்துப் பார்க்கிற அளவுக்கு அவர் மோசமானவர் இல்லை.

கூட்டம் சரக்கு ஏற்றும் மேடையில். ஒரு பக்கம் முக்கால் வயிறு நிரம்பிய லாரி. இன்னொரு பக்கம் அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கிய பேலட் பலகைகள். நடுவில் ஒரு மேசை, அதன்மேல் புத்தம் புதிதாக ஒரு எலெக்ட்ரானிக் தராசு. பத்து ஸ்பிரிங்கை வைத்து அறிமுகம் செய்துவிட்டால், அதற்கப்புறம் எத்தனை கொட்டினாலும் எண்ணிச் சொல்லிவிடுமாம்.

"தராசுக்குச் சக்களத்தி வந்தாச்சு" என்றாள் சுவிட்ச் மேசைப் பெண் ஒருத்தி. சிரிப்பு எழுந்தது. லாரி சார் வந்ததும் அடங்கியது.

அவர் சின்னவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் முதலில் புது நடைமுறையை வாசித்தாள்.

"இன்னிக்கு ரெண்டு மணியிலேர்ந்து எந்த டப்பாவும் எடை போடாம ஸ்டோர்ஸை விட்டு வெளிய வராது. அட்டையில அம்பதுன்னா அம்பது. ஒண்ணு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. குறைஞ்சா, அந்த மேசையில வேலை பாக்கிறவங்க தானே டப்பாவை எடுத்துட்டு ஸ்டோர்ஸ் ஜன்னலுக்குப் போகணும். தள்ளுவண்டியில அனுப்பக் கூடாது. குறைவுச் சீட்டுல காரணம் எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். மூணு நகல். ஒண்ணு சார் மேசைக்கு வரும்."

"நடந்தே கால் தேஞ்சிடும்" என்றது ஒரு குரல்.

"குறையாம இருந்தா தேயாது" என்றாள் சின்னவள்.

லாரி சாருக்குப் பொறுமை இல்லை. "அதெல்லாம் சரி. நாலாயிரத்து நூத்து முப்பத்தொண்ணு எங்க?"

பெரியவளின் கணவர் முன்னால் வந்து நின்றார். சட்டையின் மேல் பொத்தான் போட மறந்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. மதியம் சாப்பிடுகிறாரா என்று பெரியவளுக்கு அந்த நேரத்திலும் கவலை வந்தது. தன்மேலேயே எரிச்சலாகவும் வந்தது.

"என் கணக்கு தப்பு சார்."

"பதினோரு வருஷமா தப்பாத கணக்கு இப்ப எப்படித் தப்பும்? வெளிய குடுத்தீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"கேக்கிறேன்ல? வித்தீங்களா?"

எண்பது ஜோடிக் கண்கள் அவர்மேல். பெரியவளுக்கு அந்தக் கூடம் ஞாபகம் வந்தது. அதே மாதிரி வட்டம், அதே மாதிரி மௌனம். இன்று நிற்கிறவர் அவர், சும்மா இருக்கிறவள் அவள். எவ்வளவு நேரம் சும்மா இருக்கலாம் என்று பார்க்க அவளுக்கு ஆசையாக இருந்தது. பொய் சொல்வானேன், கொஞ்சம் இனிக்கவும் செய்தது. பார்த்துக்கொள்ளட்டும், எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளட்டும்.

ஆனால் அவர் கை, பொத்தான் போடாத இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. மாட்டிக்கொண்டால் அவருக்கு எப்போதும் வருகிற பழக்கம் அது. அன்று கூடத்திலும் அப்படித்தான் தடவினாரா? தன் அவமானத்தில் அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

அவள் துண்டை விலக்கி டப்பாவை வெளியே எடுத்தாள்.

"அவர் எடுக்கலை சார். நான்தான் எடுத்தேன்."

சின்னவளின் கையிலிருந்த ஃபைல் நழுவியது. அதை அவள் பிடிக்கவில்லை.

"எதும்மா அது?" என்றார் லாரி சார்.

"ஸ்பிரிங். ஒவ்வொரு டப்பாவுலயும் மூணு கூட வரும் சார். விழுந்தா தேட வேணாம்னு அனுப்புவார். முன்னெல்லாம் மாசக் கடைசியில மிச்சத்தைத் திருப்பிக் குடுத்துடுவேன். பதினாலு மாசமா குடுக்கலை."

"ஏன் குடுக்கலை?"

அவள் என்ன சொல்வாள்? அந்த எண்பது பேரில் பாதிப் பேர் அவள் கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவர்கள். அவள் புருஷனைவிட்டு வந்ததை மீதிப் பேர் கதை கதையாகப் பேசியவர்கள்.

"குடுக்க மனசு வரலை சார்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. மீசைக்காரர் மட்டும் தள்ளுவண்டிப் பிடியைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

சின்னவள்தான் முதலில் அசைந்தாள். டப்பாவை வாங்கித் திறந்தாள். தராசில் கொட்டப் போனவளை அக்காவின் கணவர் கை நீட்டித் தடுத்தார். டப்பாவை வாங்கி, உள்ளங்கையில் ஏந்தி, இரண்டு தடவை குலுக்கினார்.

"நாலாயிரத்து நூறு. பத்து கூட இருக்கலாம்" என்றார்.

கொட்டினார்கள். சிவப்பு எழுத்தில் 4116 என்று வந்தது.

"பதினஞ்சு துள்ளிப் போச்சு சார்" என்றாள் பெரியவள். "தேடினேன். கிடைக்கலை."

லாரி சார் ஸ்பிரிங் குவியலைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். கோபப்படுவதா, கும்பிடுவதா என்று அவருக்கே தெரியவில்லை. இருபது நாளுக்கு ஓடும் சரக்கு கண் முன்னால் கிடந்தது.

"ரெண்டு பேருக்கும் மெமோ உண்டு. கம்பெனிச் சரக்கு வீட்டுக்குப் போனது தப்பு, மூணு கூடப் போட்டது அதைவிடத் தப்பு. இனிமே இந்த மூணு கிணு எதுவும் கிடையாது, புரியுதா?" பிறகு குரல் இறங்கியது. "என்ன பாத்துட்டு நிக்கிறீங்க? மெஷினை ஓட்டுங்க. லாரி நிக்குது!"

கூட்டம் கலைந்தது. பெரியவள் ஒரு கணம் அங்கேயே நின்றாள். இப்போதாவது அவர் நிமிர்வார் என்று நினைத்தாள். அவர் காலி பிஸ்கட் டப்பாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்டோர்ஸுக்குள் போய்விட்டார்.

*

சாப்பாட்டு வேளையில் சின்னவள் தட்டை எதிரே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"என் வீட்டுப் பீரோவுல கம்பெனிச் சரக்கு. நான் இருப்புக் கணக்குக்காரி. இது ஊருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியா நீ?"

"யோசிக்கலைடி."

"ஏன்கா என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா திருப்பிக் குடுன்னுவே."

சின்னவளுக்குக் கோபத்தில் கண் கலங்கியது. கோபம்தான் என்று அவள் சொன்னாள். சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் நிமிர்ந்தாள்.

"இப்பத்தான் கம்ப்யூட்டர்ல பாத்தேன். நீ நம்ம வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நேத்து வரைக்கும் உன் மேசைக்கு எத்தனை டப்பா வந்திருக்கு தெரியுமா? ஆயிரத்து முந்நூத்து எழுபத்தேழு. மூணால பெருக்கிப் பாரு."

பெரியவள் மனக்கணக்கில் கெட்டி இல்லை. தங்கையின் முகத்தைப் பார்த்தே விடையைத் தெரிந்துகொண்டாள்.

"நாலாயிரத்து நூத்து முப்பத்தொண்ணு" என்றாள் சின்னவள். "ஒரு டப்பாகூட விடலைக்கா அந்த மனுஷன். காய்ச்சலோட வந்த நாள் இருக்கும், வேலை தலைக்கு மேல இருந்த நாள் இருக்கும். ஒண்ணுகூட விடலை."

பெரியவள் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தாள்.

"இனிமே விட்டுத்தானே ஆகணும்" என்றாள். "உன் தராசு வந்தாச்சே."

சொன்ன பிறகு அது எவ்வளவு கூர்மையாக விழுந்தது என்று தெரிந்தது. சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு கம்பெனி ஒழுங்காக நடக்க வேண்டும் என்று ஆறு மாதம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவள் அவள். அக்காவின் ஒரே ஆறுதலைத் தன் கையாலேயே பூட்டப் போகிறோம் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் தராசை வாங்காமல் இருந்திருக்க முடியாது. அதுதான் அவளை வாட்டியது.

"மன்னிச்சிடுக்கா" என்றாள்.

"சீ, பைத்தியம். நீ பண்ணினது சரி. சாப்பிடு."

*

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. காலையில் கொட்டிய குவியலிலிருந்து மேசைகளுக்கு ஸ்பிரிங் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். பெரியவளின் பழைய நீல டப்பா காலியாகி, அட்டையோடு தள்ளுவண்டியில் ஏறிப் போனது. அது மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போவதை அவள் பார்த்தாள். வழக்கமாக இந்த நேரம் அவளுக்குள் ஒரு சின்னப் பரபரப்பு இருக்கும். வருமா, வராதா? இன்று அந்தக் கேள்வியே இல்லை. ஐம்பது வரும். தராசு எண்ணிக் கொடுக்கிற ஐம்பது. கடைக்காரன் கொடுக்கிற மாதிரி.

இனி சாயங்காலம் வீட்டுக்குப் போனால் முடிச்சு அவிழ்க்க ஒன்றும் இருக்காது. கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொள்ளலாம். அதற்குத்தானே கைக்குட்டை என்று தன்னையே கேலி செய்து பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. அந்த வீடு, அந்தச் சமையலறை மூலையில் அவர் நின்றுகொண்டே காபி குடிக்கிற இடம், கதவைத் தாழிட்டபின் இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற அவர் பழக்கம் எல்லாம் வரிசையாக வந்தன. போய்விட வேண்டும்போல இருந்தது. கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது?

மீசைக்காரர் வண்டியை நிறுத்தி டப்பாவை வைத்தார். மூடிமேல் புதிதாக ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. 'எடை சரி. 50.' இன்று அவர் அவள் கண்ணைக்கூடப் பார்க்கவில்லை. வழக்கத்தைவிட வேகமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

எண்ண வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் பழக்கம் விடுமா? தட்டில் கொட்டி, ஐந்து ஐந்தாகத் தள்ளினாள். ஒன்பது வரிசை வந்தது. கடைசியில் இரண்டு மிஞ்சியது.

நாற்பத்தேழு.

கீழே விழுந்திருக்குமோ என்று மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். மறுபடி எண்ணினாள். நாற்பத்தேழு. அந்தக் கையிலிருந்து பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட ஒன்று குறைந்து வந்ததில்லை.

பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, குறையுதா? அப்ப நீதான் எடுத்துட்டுப் போகணும். புது ரூல்."

பெரியவள் தங்கை காலையில் வாசித்ததை அப்போதுதான் நினைத்துக்கொண்டாள். மேசையில் வேலை பார்க்கிறவர் தானே போக வேண்டும். தள்ளுவண்டியில் அனுப்பக் கூடாது.

அவளுக்குக் காது சூடாயிற்று. டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஸ்டோர்ஸ் ஜன்னல் நாற்பது தப்படி தூரம் இருக்கும். பதினான்கு மாதத்தில் அவள் அந்தப் பக்கம் போனதில்லை. ரேக் இடுக்கில் பார்கோடு துப்பாக்கியோடு நின்ற சின்னவள் அக்காவைப் பார்த்தாள், கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, அவசரமாக ஒரு வெற்றுப் பெட்டியைச் சுட ஆரம்பித்தாள்.

ஜன்னலுக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார். மேல் பொத்தான் இப்போது போட்டிருந்தது.

"மூணு குறையுது" என்றாள் பெரியவள்.

அவர் குறைவுச் சீட்டுப் புத்தகத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். முதல் சீட்டு. நடுவில் கார்பன் தாள்கள் வைத்து மூன்று நகல். பொருள், எண்ணிக்கை, தேதி எல்லாம் அவருடைய அச்சுப் போன்ற கையெழுத்தில் நிரப்பியிருந்தது. கீழே அவர் கையெழுத்தும் போட்டாயிற்று. நடுவில் 'காரணம்' என்ற கட்டத்தில் இப்படி இருந்தது:

'என் மனைவியைப் பார்க்க வேண்டியிருந்தது. வேறு வழி தெரியவில்லை. வேண்டுமென்றே செய்தது.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். இரண்டாம் தடவை எழுத்துகள் கலங்கின.

"இது லாரி சார் மேசைக்குப் போகும்."

"போகட்டும்."

"எல்லாரும் படிப்பாங்க."

"படிக்கட்டும்னுதான் எழுதினேன்."

அவர் பேனாவை நீட்டினார். அவள் அதை வாங்கினாள். தன் பெயருக்கான காலி இடத்துக்கு மேலே முனையைக் கொண்டுபோய் நிறுத்தினாள். போட்டுவிட்டால் போதும், அழுதுவிட்டுச் சிரித்துவிடலாம். சாயங்காலம் எந்த பஸ்ஸில் ஏறுவது என்றுகூட யோசிக்கலாம். கைக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

ஆனால் அவள் பேனாவை மூடினாள்.

"எழுத்துல வேணாங்க. அன்னிக்குக் கூடத்துல எல்லாரும் என்னையே பாத்தாங்களே, ஏன் பேசாம நின்னீங்க? அதை வாயால சொல்லுங்க. அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

பின்னால் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மேடையில் லாரி ஹாரன் அடித்தது. அவர் கை மேல் பொத்தானைத் தேடிப் போனது, அதைத் தொட்டது, பிறகு கீழே இறங்கி ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

இந்தத் தடவை அவர் தரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து வாயைத் திறந்தார்.